விழித்திரைக் கேமராவோடு முகாம் நடத்தவிருக்கும் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் மருத்துவ முகாம் நடத்தும் ஆலய, பள்ளிவாசல், தேவாலய நிர்வாகக் குழுக்களுக்கும், தமிழர் சமூக அமைப்புகளுக்கும், வெளிநாட்டு ஊழியர்களுக்காக உழைக்கும் தொண்டூழியர் குழுக்களுக்கும்,

வணக்கம்.

இரத்த அழுத்தம், சர்க்கரை அளவு, உடல் எடை என்று பார்த்துவந்த முகாம்களில் நீரிழிவால் கண்ணின் பின்புறப் படலமான விழித்திரைக்கு வரும் பாதிப்பைக் காட்டும் கையடக்க விழித்திரைக் கேமராவையும் சேர்க்க வேண்டும் என்ற எண்ணம் பல செயற்குழுக்களில் எழுகிறது. நல்ல எண்ணம். நாங்கள் விழித்திரைப் படம் எடுப்பதையும், எடுத்த படத்தைப் படித்து, பாதிப்பு எந்த அளவு என்று தரம் பிரிப்பதையும் வேலையாகச் செய்பவர்கள். எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான்: எந்தக் கேமரா என்பதைக் கடைசியாக முடிவு செய்யுங்கள். யாரைப் படம் எடுக்கப் போகிறீர்கள், எந்த அறையில் எடுக்கப் போகிறீர்கள், படத்தில் பாதிப்பு தெரிந்தால் அவர் எந்த மருத்துவரிடம் எத்தனை நாளில் போவார் என்ற மூன்றையும் முதலில் எழுதி வையுங்கள். இவற்றில் ஒன்றுக்குப் பதில் இல்லாவிட்டாலும் கேமரா அந்த ஆண்டு வேண்டாம்.

நீரிழிவு விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது. முதலில் குழாய்ச் சுவரில் ஊசிமுனை அளவில் வீக்கங்கள் வரும். பிறகு கசிவு, கொழுப்புப் படிவு, இரத்தத் திட்டுகள். முற்றிய நிலையில் உடையக்கூடிய புதுக் குழாய்கள் முளைத்து, கண்ணுக்குள்ளேயே இரத்தம் கொட்டும். இத்தனையும் நடந்துகொண்டிருக்கும்போதே எழுத்துப் பலகையின் கடைசி வரியைத் தடுமாறாமல் படிப்பவர்கள் உண்டு. பார்வை மங்கியபின் வருபவருக்கு லேசரும் ஊசியும் இருக்கும் பார்வையைக் காக்கவே பெரும்பாலும் உதவும்; போனதை முழுதாக மீட்டுத் தருவது அரிது. ஆகவே அறிகுறி இல்லாதபோதே படம் எடுக்க வேண்டும். 2007 முதல் 2009 வரை 40 வயதைத் தாண்டிய சிங்கப்பூர் இந்தியர்களிடம் நடந்த கண் ஆய்வில், நீரிழிவு உள்ளவர்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கு ஏதோ ஓர் அளவில் விழித்திரைப் பாதிப்பு இருந்தது. நம் சமூகத்துக்கு இது பக்கத்து வீட்டுப் பிரச்சினை அல்ல.

ஆனாலும் இங்கே வெறும் தரையிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. 2010இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ், அரசாங்கப் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) நீரிழிவுக்குச் சிகிச்சை பெறுபவரின் விழித்திரை அங்கேயே படமெடுக்கப்பட்டு, பயிற்சி பெற்ற தரம் பிரிப்போர் இருக்கும் மையத்துக்கு இணையவழி போகிறது. அந்தப் படத்தை ஆண்டுதோறும் எடுத்துக்கொள்பவரை உங்கள் முகாமில் மறுபடி எடுப்பதால் அவருக்குக் கூடுதலாக எதுவும் கிடைக்காது. அவர் உட்கார்ந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருக்கலாம்.

யார் அந்த வேறொருவர்? தனியார் மருந்தகத்தில் மாத்திரை மட்டும் வாங்கிக்கொண்டு, கண் படத்துக்கு வேறிடம் போகச் சொன்னதை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுபவர். வீட்டைவிட்டு இறங்க முடியாத முதியவர். தாதிமை இல்லவாசி. தங்குவிடுதியில் இருக்கும் வெளிநாட்டு ஊழியர். அவர்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் தம்பிமார்கள் நிறையப் பேர். முப்பது வயதிலேயே சர்க்கரை வந்து, ஊரிலிருந்து வரும் மாத்திரையை நம்பி ஓட்டுபவர்களும் அவர்களுக்குள் இருக்கிறார்கள். கையடக்கக் கேமராவின் பயனே இவர்கள் இருக்கும் இடத்துக்கு அது போக முடியும் என்பதுதான். பலதுறை மருந்தகத்துக்கு நடந்துபோகக்கூடியவர்கள் திரளும் மண்டபத்தில் அதைக் கொண்டுபோய் வைப்பது வீண்.

பதிவு மேசையில் கேட்கும் கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிடும். ‘கண் செக் பண்ணியாச்சா?’ என்று கேட்டால் ‘ஆச்சு’ என்றுதான் பதில் வரும். அது கண்ணாடிக் கடையில் பவர் பார்த்ததாக இருக்கும். இப்படிக் கேளுங்கள்: ‘இருட்டு அறையில் தாடையைத் தாங்கியில் வைக்கச் சொல்லி, உள்ளே ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்லி, பளிச்சென்று வெளிச்சம் அடித்துப் படம் எடுத்தார்களா? எந்த மாதம்?’ ஓராண்டுக்குள் எடுத்திருந்தால், புதிதாக ஏதும் தொந்தரவு இல்லையென்றால், நன்றி சொல்லி அடுத்த மேசைக்கு அனுப்பிவிடலாம்.

நீரிழிவே இல்லாதவர்களை வரிசையில் சேர்க்காதீர்கள். வந்தவர் எல்லாருக்கும் எடுத்தால் தாராளமாகத் தோன்றும். கணக்கு வேறு சொல்லும். சென்னையில் ஒரு நீரிழிவு மருத்துவமனையில் கைத்தொலைபேசிக் கேமராவையும் செயற்கை நுண்ணறிவையும் சேர்த்துச் சோதித்து 2018இல் வெளியான ஆய்வில், பாதிப்பு உள்ளவர்களில் சுமார் 96 விழுக்காட்டினரை மென்பொருள் பிடித்தது. பாதிப்பு இல்லாதவர்களில் சுமார் 80 விழுக்காட்டினரைத்தான் சரியாக ‘இல்லை’ என்றது. அப்படியொரு கருவியின்முன் நலமாக உள்ள 100 பேரை உட்காரவைத்தால் சுமார் 20 பேர் காரணமில்லாமல் பயந்துபோய்க் கண் மருத்துவரிடம் வரிசையில் நிற்பார்கள். அவர்களுக்குப் பின்னால், உண்மையிலேயே கசிவு உள்ள ஒருவர் காத்திருப்பார்.

இனி அறை. முகாம் படங்கள் கெட்டுப்போவதற்கு மிகப் பெரிய காரணம் வெளிச்சம். கண்பாவை விரிய இருட்டு வேண்டும். பாவையை விரிக்கும் சொட்டு மருந்து இல்லாமல் எடுக்கும் கேமராக்கள் பலவற்றுக்கும் பாவை குறைந்தது 3 மி.மீ.க்குச் சற்று மேல் விரிந்திருக்க வேண்டும். முதியவர்களுக்கும் நெடுநாள் நீரிழிவு உள்ளவர்களுக்கும் பாவை இயல்பாகவே சிறுத்திருக்கும். நமக்குத் தேவையானவர்களும் அவர்கள்தான். அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் மூன்று பக்கமும் வெயில் வரும்போது மடக்குத்திரை ஒன்றை நிறுத்தி எடுத்தால் படத்தில் பாதி கறுப்பாகத்தான் வரும். சன்னல் இல்லாத அறையைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் கூரையும் மூடிய கறுப்புத் துணிக் கூடாரம் போடுங்கள். கதவைச் சாத்தியபின் செய்தித்தாளின் சின்ன எழுத்தைப் படிக்க முடிந்தால் அங்கே இன்னும் வெளிச்சம் அதிகம். உள்ளே காத்திருப்பவர் கைத்தொலைபேசியை எடுத்தால் அத்தனை முயற்சியும் பாழ். வாசலிலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.

நபர் இருட்டில் 3 முதல் 5 நிமிடம் உட்காரட்டும். முதல் ஃப்ளாஷ் அடித்ததும் படம் எடுத்த கண் மட்டுமல்ல, மற்றக் கண்ணின் பாவையும் சேர்ந்து சுருங்கும். உடனே அடுத்த கண்ணுக்குத் தாவினால் நிழல்தான் கிடைக்கும். இரண்டு நிமிடமாவது விட வேண்டும். வயதானவர்களுக்கு இன்னும் கூட. ஒவ்வொரு கண்ணிலும் இரண்டு படம் தேவை: மையப் பார்வைப் பகுதியை நடுவில் வைத்து ஒன்று, பார்வை நரம்பின் வட்டை நடுவில் வைத்து ஒன்று. நாங்கள் பரிந்துரைக்கும் வரிசை, முதலில் இரு கண்களின் மையப் பகுதி, பிறகு இரு கண்களின் நரம்பு வட்டு. நபர் சோர்ந்து பாதியில் எழுந்தாலும் முக்கியமான இரண்டு படங்கள் கையில் இருக்கும்.

கேமரா விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல. ‘குறிபார்க்கும்போது கண்ணுக்குள் போவது அகச்சிவப்பு ஒளியா, வெள்ளை ஒளியா?’ என்று கேளுங்கள். அகச்சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, பாவை சுருங்காது. ஃப்ளாஷ் மட்டும் வெள்ளையாக அடிக்கும். வெள்ளை ஒளியிலேயே குறிபார்க்கும் கருவிக்கு அநேகமாக எல்லாருக்கும் சொட்டு மருந்து போட வேண்டியிருக்கும். மலிவாகத் தெரியும் கருவி அங்கேதான் செலவு வைக்கும்.

மேசைக் கேமராவில் தாடைத்தாங்கி தலையைப் பிடித்துக்கொள்ளும். கையடக்கக் கருவியில் அந்த வேலையை நீங்கள் செய்ய வேண்டும். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, பின்தலை சுவரில் படும்படி உட்காரவையுங்கள். படம் எடுப்பவரின் முழங்கை மேசையில் ஊன்றியிருக்கட்டும். மறுகையின் பெருவிரலால் மேல் இமையை எலும்பின் விளிம்போடு சேர்த்து மெல்லத் தூக்கி, மற்ற விரல்களை நெற்றியில் பதித்தால் தலையும் கருவியும் ஒன்றாக அசையும். விழிக்கோளத்தை அழுத்தவே கூடாது. கண்ணுக்கும் கண்ணாடிவில்லைக்கும் உள்ள தூரம் கருவிக்குக் கருவி மாறும். பெரும்பாலும் 2 முதல் 4 செ.மீ.க்குள். அதில் சில மி.மீ. தவறினாலே படத்தின் விளிம்பில் நீலம் கலந்த வெண்மூட்டம் படரும்.

தவறிய படத்தைப் பார்த்தே காரணத்தைச் சொல்லிவிடலாம். ஒரு பக்கத்தில் பிறை வடிவில் கறுப்பு விழுந்தால் பாவை சிறிது, அல்லது கருவி பாவையின் நடுவில் இல்லை. மேலோ கீழோ கீற்றுக் கீற்றாக மங்கினால் இமை முடி. கண் முழுவதும் ஒரே சீராக மூட்டம் என்றால், தூரத்தைச் சரிசெய்தபின்னும் மாறாவிட்டால், கண்புரையாக இருக்கலாம். இன்னும் பத்துப் படம் எடுத்தாலும் தெளியாது, அவரை வதைக்காமல் கண் மருத்துவருக்கு எழுதுங்கள். அடுத்தடுத்து வரும் நபர்களின் படங்களில் அதே இடத்தில் அதே புள்ளி தெரிந்தால் அது வில்லையில் உள்ள தூசு அல்லது இமைக் கொழுப்பு. இதுதான் எங்களை அதிகம் ஏமாற்றுவது, மென்பொருளையும். காலையில் தொடங்குமுன் கேமராவை ஒரு கறுப்புத் துணியை நோக்கிப் பிடித்து ஒரு வெற்றுப் படம் எடுங்கள். ஐந்து நபருக்கு ஒருமுறை மறுபடி எடுங்கள். புள்ளி தெரிந்தால் முதலில் காற்றுக் குமிழால் ஊதி, பிறகு வில்லைத்தாளில் தயாரிப்பாளர் சொன்ன திரவத்தைச் சில துளி விட்டு நடுவிலிருந்து வெளிநோக்கித் துடையுங்கள். கை துடைக்கும் ஈரத்தாளோ சட்டை நுனியோ வில்லையின் பூச்சைக் கீறிவிடும். நெற்றியில் படும் ரப்பர் விளிம்பை ஒவ்வொருவருக்குப் பின்னும் கிருமிநாசினியால் துடைப்பது தனி வேலை. அந்தத் துணி வில்லைப் பக்கம் போகக்கூடாது.

சொட்டு மருந்தைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். டிரோபிகமைட் போட்டால் பொதுவாக 15 முதல் 20 நிமிடத்தில் பாவை விரியும். நம்மைப் போன்ற அடர்பழுப்புக் கண்களுக்கு அரைமணியும் ஆகலாம். படம் மிகத் தெளிவாக வரும். ஆனால் அது மருந்து. மருத்துவரின் உத்தரவும் பொறுப்பும் இல்லாமல் தொண்டூழியர் போடக்கூடாது. கண்ணின் முன்பக்கத்தில் நீர் நிறைந்த இடமான முன்னறை ஆழமில்லாதவர்களுக்குப் பாவை விரியும்போது நீர் வடியும் வழி அடைபட்டுக் கண்ணழுத்தம் திடீரென ஏறலாம். அரிதுதான், ஆனால் இந்தப் பகுதி மக்களிடம், குறிப்பாகச் சீனர்களிடம், அந்தக் கண்ணமைப்பு கூடுதல். உங்கள் முகாமுக்கு எல்லா இனத்தவரும் வருவார்கள். முன்னறையைப் பார்க்கத் தெரிந்த ஒருவர் அங்கே இருக்க வேண்டும். கடும் கண்வலி, தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்தால் அன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று அவர் படிக்கும் மொழியில் எழுதிக் கையில் கொடுங்கள்.

மருந்தின் மங்கல் 4 முதல் 6 மணி நேரம் நீடிக்கும். அன்று வண்டி ஓட்டக்கூடாது. ஊழியர் முகாமில் இதற்கு இன்னும் எடை உண்டு: சாரம் ஏறுபவர், பாரந்தூக்கி இயக்குபவர், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் யாருக்கும் வேலைக்கு முன்னால் மருந்து போடவே கூடாது. ஞாயிற்றுக்கிழமை என்றாலும் ‘இன்று இரவு ஷிஃப்ட் இருக்கிறதா, நாளைக் காலை எத்தனை மணிக்கு லாரி?’ என்று கேளுங்கள்.

நேரக் கணக்கைப் பாருங்கள். பதிவையும் இருட்டில் காத்திருப்பதையும் விட்டுவிட்டாலும், மருந்தில்லாமல் ஒருவருக்கு நான்கு படமும் இடைவெளியும் சேர்ந்து கேமராவின்முன் மட்டும் 8 முதல் 10 நிமிடம் போகும். ஒரு கேமராவுடன் மூன்று மணி நேரத்தில் 18 முதல் 22 பேர். ‘200 பேருக்கு இலவச விழித்திரைப் பரிசோதனை’ என்று பதாகையில் போட்டுவிட்டால், மதியத்துக்குள் காத்திருப்பு நேரம் வெட்டப்படும், இரண்டாவது படம் கைவிடப்படும், மங்கலான படத்தை ‘பரவாயில்லை’ என்று சேமிப்பார்கள். அந்தப் படங்கள் எங்களைப் போன்றவர்களிடம் வரும்போது திருத்த வழியில்லை. நபர் வீட்டுக்குப் போயிருப்பார். தயவுசெய்து இருபது பேருக்கு அறிவித்து இருபது பேருக்கும் நான்கு படமும் எடுங்கள்.

எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். 45 பாகைக் கோணத்தில் எடுத்த படம் ஒன்று சுமார் 13 மி.மீ. அகல விழித்திரையைக் காட்டுகிறது. அது 2,000 படப்புள்ளி (பிக்சல்) அகலம் என்றால், 50 மைக்ரோமீட்டர் வீக்கம் ஒன்று ஏழெட்டுப் புள்ளிதான். செயலி படத்தைச் சுருக்கி அமுக்கும்போது முதலில் கரைவது அந்த ஏழெட்டுப் புள்ளிதான். பார்ப்பவர் மனசார ‘பாதிப்பு இல்லை’ என்று எழுதிவிடுவார். அந்தரங்கமும் போகும். மூலக் கோப்பைப் பூட்டிய தளத்தின் வழியாக அனுப்புங்கள். கோப்புப் பெயரில் அடையாள அட்டை எண்ணை வைக்காதீர்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அந்த எண்ணைச் சேகரிப்பதற்கான விதிகள் 2019 செப்டம்பரிலிருந்து இறுகியிருக்கின்றன. முகாமுக்கென்று வரிசை எண் கொடுத்து, பெயர்ப் பட்டியலைத் தனியே வையுங்கள். வலதா இடதா என்பதை அந்த நொடியிலேயே குறியுங்கள்.

செயற்கை நுண்ணறிவு பற்றி. சிங்கப்பூர் இதில் முன்னோடி. இங்குள்ள கண் ஆய்வாளர்கள் உருவாக்கிச் சுமார் 4,94,000 படங்களைக்கொண்டு பயிற்றுவித்துச் சோதித்த மென்பொருளைப் பற்றிய கட்டுரை 2017இல் வெளிவந்தது. முதன்மைச் சோதனையில் மேல்சிகிச்சைக்கு அனுப்பவேண்டிய பாதிப்பை அது 90.5 விழுக்காடு பிடித்தது. ஆனால் அந்தச் சோதனை, பலதுறை மருந்தகத்தின் நிலையான கேமராக்கள் எடுத்த படங்களில் நடந்தது. கையடக்கக் கேமராவின் ஒளி, நிறம், விளிம்பு நிழல் எல்லாம் வேறு. உங்களுக்குத் தரப்படும் மென்பொருள், மருத்துவக் கருவிகளை ஒழுங்குபடுத்தும் சுகாதார அறிவியல் ஆணையத்தில் பதிவானதா, இதே கேமரா மாடலில் சோதிக்கப்பட்டதா, ‘படிக்க முடியாத படம்’ என்று தானே சொல்லுமா என்று எழுத்தில் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் விலகுங்கள். மங்கிய படத்துக்கு ‘பாதிப்பு இல்லை’ என்று சொல்லும் கருவியைவிடக் கருவியே இல்லாமல் இருப்பது மேல்.

படிக்க முடியாத கண் என்பது ஒரு முடிவு. அதைப் ‘பாதிப்பு இல்லை’ வரிசையில் போடக்கூடாது. மருத்துவருக்கு அனுப்பவேண்டிய வரிசையில் போட வேண்டும். பிரிட்டனின் நீரிழிவுச் சங்கம் வகுத்த பழைய அளவுகோல் தொழில்நுட்பத் தோல்வி 5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்றது. உங்கள் முகாமில் இருபது பேரில் நான்கைந்து பேருக்குப் படம் தேறவில்லை என்றால், அடுத்த முகாமுக்கு முன் அறையையும் பயிற்சியையும் சரிசெய்யுங்கள்.

முடிவுச் சீட்டின் வாசகத்தில் கவனம் வேண்டும். ‘கண் நன்றாக இருக்கிறது’ என்று எழுதாதீர்கள். இரண்டு படங்கள் விழித்திரையின் ஓரங்களைக் காட்டா. கண்ணழுத்த நோயை இல்லையென்று சொல்லா. மையப் பகுதி நீர்கோத்திருப்பதைத் தட்டைப் படத்தில் நேராகப் பார்க்க முடியாது, அருகிலுள்ள கொழுப்புப் படிவை வைத்துச் சந்தேகிக்கத்தான் முடியும். ‘இன்று எடுத்த படங்களில் நீரிழிவால் வரும் விழித்திரைப் பாதிப்பு தென்படவில்லை. ஓராண்டுக்குள் மறுபடி படம் எடுங்கள். இடையில் பார்வை மங்கினாலோ, கறுப்புப் புள்ளிகள் திடீரெனப் பெருகினாலோ, திரை விழுந்தது போலிருந்தாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள்’ என்பது போதும்.

பாதிப்பு தெரிந்தவருக்கு என்ன வழி என்பதே முகாமின் உயிர். புதுக் குழாயோ, அது உடைந்து கண்ணுக்குள் கொட்டிய இரத்தமோ தெரிந்தால் அன்றே தொலைபேசியில் கண் மருத்துவரிடம் பேசி நேரம் வாங்க வேண்டும். கடிதம் கொடுத்து அனுப்பிவிட்டு மறக்கக்கூடாது. கடுமையான பாதிப்புக்கோ மையப் பகுதிச் சந்தேகத்துக்கோ நாள்களைக் கணக்கிட்டு விரட்டிப் பிடிக்க ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். குடும்ப மருத்துவர் இருப்பவர் என்றால், ஒரே குடும்ப மருத்துவரிடம் பதிந்து தொடரும் ஹெல்தியர் எஸ்ஜி தேசியத் திட்டத்தில் அவர் பதிந்த மருந்தகத்துக்கும் நகல் போகட்டும். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் அங்கேதான் சீராக வேண்டும்.

வெளிநாட்டு ஊழியருக்கு இது கடினம், அதனால்தான் முன்கூட்டியே வேலை செய்யச் சொல்கிறோம். வேலை அனுமதி அட்டை வைத்திருப்பவருக்கு அரசாங்க மானியம் இல்லை. முதலாளி எடுக்கும் கட்டாய மருத்துவக் காப்பீடு, 2023 ஜூலையிலிருந்து ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி, மருத்துவமனையில் தங்கும் சிகிச்சைக்கும் பகல்நேர அறுவைக்கும் ஆனது. கண் நிபுணரைப் பார்க்கும் கட்டணத்தையும் லேசரையும் யார் ஏற்பார் என்பதை முகாமுக்கு முன்பே முதலாளியிடமோ உங்கள் நன்கொடையாளரிடமோ எழுத்தில் வாங்குங்கள். முடிவை ஊழியரிடம் மட்டும், தனியாக, தமிழில் சொல்லுங்கள். மேற்பார்வையாளர் பக்கத்தில் நிற்கும்போது சொன்னால், ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் அவர் மருத்துவரிடம் போகவே மாட்டார். விடுதியின் எண்ணோடு நிறுத்தாமல் அவருடைய சொந்த எண்ணையும், ஊரில் மனைவியின் அல்லது அண்ணனின் வாட்ஸ்அப் எண்ணையும் அவர் சம்மதத்தோடு வாங்குங்கள். வேலை மாறினால் விடுதி மாறும், சிம் மாறும். அவர் ஊர் திரும்புவதாக இருந்தால் மூலப் படங்களையும் ஆங்கிலக் கடிதத்தையும் அவரிடமே கொடுத்துவிடுங்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை போன்ற இடங்களில் அதைப் பார்த்துத் தொடர்வார்கள்.

இவற்றுக்கெல்லாம் இந்த ஆண்டு ஆள் இல்லை, இடம் இல்லை என்றால் கேமராவுக்கு ஒதுக்கிய பணத்தை வேறு வழியில் கண்ணுக்கே செலவிடுங்கள். சக்கர நாற்காலி ஏற்றும் வசதியுள்ள வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்து, வீட்டைவிட்டு இறங்க முடியாத முதியவர்களை நேரம் வாங்கிப் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப் போங்கள், வாசல்வரை திரும்பக் கொண்டுவந்து விடுங்கள். முகாம் நடத்துவது என்று முடிவெடுத்தால், பதாகை அச்சாவதற்கு முன் படம் எடுப்பவரையும் தரம் பிரிப்பவரையும் கண் மருத்துவர் ஒருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, அந்த மூன்று கேள்விகளுக்கும் பெயரோடும் தேதியோடும் பதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
விழித்திரைப் படம் எடுப்போரும் தரம் பிரிப்போரும் சிலர்
சிங்கப்பூர்